பெட்டிக்குப் போன மஞ்சள் ஆட்கள்

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில், ஓடாத மிக்சிக்குப் பக்கத்தில், ஒரு பெரிய அட்டைப் பெட்டி இருக்கிறது. அதன் மூடியில் புகைபோக்கிகள், ஒரு கப்பல், கோட்டு போட்டுக்கொண்டு கையைக் கட்டி நிற்கும் ஓர் ஆள். அந்த ஆளின் முகத்தைப் பார்த்தாலே எனக்கு ஆகாது. உள்ளே இருப்பது விளையாட்டு என்று சொல்கிறார்கள். தொழிற்சாலை வாங்கி, ஆள் வைத்து, சரக்கு செய்து, சந்தையில் விற்று, கடைசியில் யார் பெரிய முதலாளி என்று பார்க்கிற விளையாட்டு. உங்களில் யாருக்காவது பிறந்தநாளுக்கு இப்படி ஒன்று வந்தால், பிரிப்பதற்கு முன்னால் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. பத்தாவதோடு பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போனவன். ஆனால் அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கோடை விடுமுறை முழுக்கத் திறந்து கிடந்தது. அது என்னவெல்லாம் செய்தது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

கொண்டுவந்தவர் என் சகலை. என் மனைவியின் தங்கை கணவர். என் பிள்ளைகளுக்குச் சித்தப்பா. அவர்கள் ஹெப்பகோடிப் பக்கம் அடுக்குமாடியில் இருக்கிறார்கள். அவருக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நாங்கள் ஸ்ரீராம்புரத்தில், எதிரெதிரே இரண்டு ஸ்கூட்டர் வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய சந்தில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அக்கா தங்கை சேர்ந்து சமைக்க வேண்டும் என்று அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

சகலையைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வரும்போது பிள்ளைகளுக்குத் திராட்சை வாங்கி வருவார். என் போனில் எது நின்றுபோனாலும் முகம் சுளிக்காமல் சரிசெய்து தருவார். ஆனால் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் ஆள் மாறிவிடுவார். சின்னப் பிள்ளைகள்தானே என்று ஒரு ஆட்டம்கூட விட்டுக்கொடுக்க மாட்டார். கேட்டால், விட்டுக்கொடுப்பது பிள்ளைகளைக் கேவலப்படுத்துவது என்பார். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்றுதான் முதலில் நானும் நினைத்தேன்.

ஆட்டம் இப்படித்தான். பலகையின் நடுவே சந்தை. இரும்பு, துணி, எண்ணெய், மரம் என்று நான்கு சரக்கு. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏணி, ஏணியில் ஒரு கறுப்பு மணி. மணி இருக்கும் படிதான் அன்றைய விலை. யாராவது விற்றால் மணி இறங்கும், வாங்கினால் ஏறும். சுற்றிலும் தொழிற்சாலைகள். அவற்றில் வேலை செய்ய மரத்தில் செய்த சின்னச் சின்ன மஞ்சள் ஆட்கள். ஆட்களை நடுவில் இருக்கும் இன்னொரு சின்னப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும். சுற்று முடிந்ததும் சம்பளம். சம்பளம் கொடுக்கப் பிடிக்கவில்லையா, அதற்கு முன்னாலேயே ஆளைத் தூக்கிப் பெட்டியில் திரும்பப் போட்டுவிடலாம். பெட்டிக்குப் போன ஆளை அடுத்த முறை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எல்லாத் தொழிற்சாலையும் விற்றுப்போனால் ஆட்டம் முடிந்தது. மூன்று பேருக்குக் குறைந்தால் ஆட முடியாது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வயிற்றெரிச்சலில் பேசுகிறேன் என்பீர்கள். இந்த ஆட்டத்தில் தாயம் இல்லை. அதனால் அதிர்ஷ்டம் சரியில்லை என்று யாரும் தப்பிக்க முடியாது. தோற்றால் நாமே தோற்றதுதான். அது நல்ல விஷயம். விலை ஏறி இறங்குவதை மணி கண்ணெதிரே காட்டும். எல்லாரும் ஒரே சரக்கைச் செய்தால் யாருக்கும் விலை கிடைக்காது என்று எங்கள் பீன்யாவில் எத்தனையோ முதலாளிகள் ஷட்டரை இறக்கிய பிறகு புரிந்துகொண்டதை என் மகன் ஒரே மத்தியானத்தில் புரிந்துகொண்டான். அவன் அப்போது ஐந்தாவது. கழித்தல் கணக்கென்றால் அழுவான். அந்தக் கோடையில் வாயாலேயே கழித்தான். இன்னொன்றும் உண்டு. சந்தையில் ஒருவருக்கொருவர் வாயால் பேசி எந்த ஏற்பாடும் செய்துகொள்ளலாம். முதல் நாள் இதைச் சகலைதான் ரொம்ப ஆசையாக விளக்கினார். பேரம்தான் இந்த ஆட்டத்தின் உயிர் என்றார்.

நல்லது இவ்வளவுதான். மற்றதற்கு வருகிறேன்.

முதல் ஆட்டத்தில் நானும் உட்கார்ந்தேன். என்னிடம் இரும்புத் தொழிற்சாலை. விலை விழுந்துவிட்டது. எல்லாரும் ஆட்களைத் தூக்கிப் பெட்டியில் போட்டார்கள். நான் போடவில்லை. ஏன் என்று சகலை கேட்டார். வேலை இல்லாத நேரத்தில் மெஷினைத் துடைக்கட்டும், எண்ணெய் விடட்டும், டை அச்சுகளைக் கழற்றி அடுக்கட்டும் என்றேன். தகடு அழுத்தும் எங்கள் பிரஸ் ஷாப்பில் ஆர்டர் இல்லாத நாளில் அதைத்தான் செய்வோம். எனக்கு வேறு விதமாக யோசிக்கவே வரவில்லை. சகலை பலகை அதிரும்படி சிரித்தார்.

"ணா, இது மரக் குச்சிணா. இதுக்குப் போயி மெஷின் தொடைக்கிற வேல குடுக்கறீங்க."

நான் அந்த ஆட்டத்தில் படுதோல்வி. அதற்கப்புறம் 'துடைக்கட்டும்' என்பது வீட்டில் கேலியாகிவிட்டது. மகன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால், தட்டைத் துடைக்கிறான் என்பார்கள். நான் பிறகு ஆட உட்காரவில்லை. அப்போது என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே அந்த இடத்தை எடுத்துக்கொள்வாள், இல்லாவிட்டால் மூன்று பேராகவே ஆடுவார்கள்.

ஆனால் என் மகள் என்னைப் போலவே ஆட ஆரம்பித்தாள். பத்தாவது எழுதி முடித்திருந்தாள். விவரமான பெண். விலை எப்போது விழும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும். சரியான நேரத்தில் வாங்கவும் செய்வாள். ஆனால் ஒரு தடவை வைத்த ஆளை அவள் பெட்டிக்கு அனுப்ப மாட்டாள். சும்மா உட்கார்ந்திருந்தாலும் சம்பளம் கொடுத்துக்கொண்டே இருப்பாள். அதனாலேயே ஒவ்வொரு ஆட்டத்திலும் கடைசியில் வந்தாள். தம்பி மட்டும் ஜாலியாக, "ஆயித்து, உங்க வேல ஆயித்து, பெட்டிக்குப் போங்கடா" என்று, முடிந்தது என்பதற்குக் கன்னடம் கலந்து, ராகம் போட்டு ஒவ்வோர் ஆளையும் தலைகீழாகப் போடுவான்.

அவள் ஏன் அனுப்ப மாட்டாள் என்று எனக்குத் தெரியும். பீன்யாவில் 'பிரேக்' என்று ஒன்று உண்டு. காண்டிராக்டில் இருக்கிற ஆள் தொடர்ந்து வேலை செய்தால் நிரந்தரம் கேட்பான் என்று, சில மாதத்துக்கு ஒரு தடவை, கொஞ்ச நாள் வராதே என்று நிறுத்திவிட்டு மறுபடி கூப்பிடுவார்கள். ஆர்டர் குறைந்தாலும் அதேதான். அவள் ஒன்றாவது, இரண்டாவது படித்த காலத்தில் எனக்கும் பிரேக் வரும். காலையில் நான் டிபன் பாக்ஸ் எடுக்காமல் உட்கார்ந்திருப்பேன். அவளைப் பள்ளிக்கு நானே கூட்டிப்போவேன். முதலில் அதற்குச் சந்தோஷப்பட்டவள், பிறகு என் சாப்பாட்டுக் கூடை ஆணியில் தொங்கினால் அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டாள். அவளுக்கு அந்த மஞ்சள் குச்சி வெறும் குச்சி இல்லை.

இதுதான் அந்த ஆட்டத்தின் பெரிய குறை என்று நான் சொல்வேன். அதில் பெட்டிக்குப் போன ஆள் அடுத்த சுற்றில் அதே மஞ்சளாகத் திரும்பி வருகிறான். கோபம் கிடையாது, வேறு கம்பெனிக்குப் போனவன் கிடையாது. எங்கள் ஷாப்பில் நல்ல ஆபரேட்டர் ஒருவரை அப்படி நிறுத்தினார்கள். கூப்பிட்டபோது அவர் அடுத்த கிராஸ் தெருவில் வேறு யூனிட்டில் நின்றார். அவர் இடத்துக்கு வந்த புதுப் பையன் முதல் வாரமே டையை உடைத்தான். இதெல்லாம் எந்த ஏணியிலும் ஏறாது, எந்த மணியிலும் இறங்காது. இன்னொரு குறை, முன்னால் போனவன் போய்க்கொண்டே இருப்பான். அவனுக்குச் சரக்கு, அதனால் தொழிற்சாலை, அதனால் இன்னும் சரக்கு. பின்னால் விழுந்தவன் தோற்றது பாதியிலேயே தெரிந்தாலும் எழுந்து போக முடியாது. கடைசிவரை உட்கார்ந்து அடுத்தவன் கொழுப்பதைப் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு இது என்ன விளையாட்டு?

சரி, பலகையோடு போயிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அது பலகையை விட்டு இறங்கியது. மகளுக்குப் பியூசியில், அதாவது பதினொன்றாவது பன்னிரண்டாவதில், கமர்ஸ் எடுக்க வேண்டும் என்று ஆசை. எட்டாவதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். கல்லூரி, அட்மிஷன் என்றால் எங்கள் வீட்டில் சகலை சொல்வதுதான். அவரே கூட வந்து சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். மே மாதம், அவள் மறுபடியும் கடைசியில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கை கழுவிக்கொண்டே என் மனைவியிடம் சொன்னார்.

"அண்ணி, பாப்பாவுக்கு மார்க் இருக்கு, இல்லன்னு சொல்லல. பிசினஸ் மண்டைதான் இல்ல. ஆர்ட்ஸ்ல போடுங்க, நிம்மதியா டீச்சர் ஆவட்டும்."

ஆர்ட்ஸ் படிப்பது குறைச்சல் என்று நான் சொல்லவில்லை. ஆசைப்பட்டு எடுத்தால் நல்ல படிப்பு. ஆனால் ஒரு பெண்ணுக்கு என்ன மண்டை இருக்கிறது என்று மரக்குச்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்வதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை என்று வாயை மூடிக்கொண்டேன். மகள் சமையலறை வாசலில்தான் நின்றிருந்தாள். என் மனைவி, அவருக்குத் தெரியாததா என்றாள். அந்த வாரம் முழுக்க மகள் கமர்ஸ் பேச்சே எடுக்கவில்லை. நானாகக் கேட்டபோது, எனக்கு ஆர்ட்ஸே போதும்ப்பா என்று பாத்திரம் கழுவப் போய்விட்டாள். விளையாட்டாகச் சொன்னது வீட்டில் சட்டமாகிவிட்டது.

கல்லூரிக்குப் போக வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தின நாளும் அவர்கள் வந்தார்கள். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. பெங்களூர் மே மாத மழை உங்களுக்குத் தெரியும்; கல் விழுகிற மாதிரி சத்தம், கரண்ட் போய்விடும். ஜன்னல் வெளிச்சத்தில் சகலை பெட்டியைத் திறந்தார். மகள் தான் ஆட வரவில்லை என்றாள்.

"ஏன் பாப்பா, பயமா? நாளைக்கு டீச்சர் ஆவப்போறவ இப்பவே பயந்தா எப்படி?"

அவள் வந்து உட்கார்ந்தாள். சகலை, மகள், மகன் மூன்று பேர். நான் சுவரோரம் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு அந்த ஆட்டத்தை அன்று நெருப்பில் போடலாம் போல இருந்தது.

பாதி ஆட்டத்தில் சகலை தன்னிடம் இருந்த இரும்பையெல்லாம் ஒரே தடவையில் சந்தையில் கொட்டினார். மணி அடிப்படிக்கு வந்துவிட்டது. மகளிடம் இருந்தது இரும்பு மட்டும்தான். தன் ஆட்களைச் சகலை பெட்டியில் போட்டார். மகனும் பாட்டுப் பாடிக்கொண்டு போட்டான். மகள் போடவில்லை.

"சும்னே உக்காந்து சம்பளம் வாங்கறாங்க பாரு. அனுப்பு பாப்பா."

"மெஷின் தொடைக்கறாங்க சித்தப்பா."

மகன் சிரித்தான். சகலையும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அடுத்த சுற்றில் சகலை பெரிய துணி மில்லை வாங்கினார். துணி ஏணியின் மணி உச்சிப் படியில் நின்றது. அவர் மில்லுக்கு ஆள் வைக்க வேண்டியதுதான், ஆட்டம் அவருடையது. ஆனால் ஆள் எடுக்கும் முறை முதலில் மகனுக்கு வந்தது. அவன் எண்ணெய் ஆலைகளுக்கென்று பெட்டியில் இருந்த ஆட்களை ஒன்றுவிடாமல் வாரிக்கொண்டான். சகலை பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். பெட்டி காலி. சும்மா இருந்த மஞ்சள் ஆட்கள் மகளிடம்தான் வரிசையாக நின்றார்கள்.

ஆட்களைப் பெட்டிக்கு அனுப்பும்படி அவளிடம் சொன்னார். உனக்கும் சம்பளம் மிச்சம்தானே என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டு ஒரு விஷயம் சொன்னாள். எனக்கே அது தோன்றியிருக்காது.

"அனுப்ப மாட்டேன். உங்க துணிய என் ஆளுங்க செஞ்சு தருவாங்க. ஜாப் ஒர்க். சரக்கு உங்களுது, கூலி எனக்கு."

பீன்யாவில் பாதி யூனிட் இப்படித்தான் பிழைக்கிறது. பெரிய கம்பெனி பொருளைக் கொடுக்கும். சின்ன யூனிட் தன் ஆளை வைத்து வேலை செய்து கொடுத்துக் கூலி வாங்கும். சாப்பிடும்போது நான் பேசுவதைக் கேட்டுக்கேட்டு அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. சகலை அப்படி ஒரு விதியே கிடையாது என்றார். நான் அதுவரை அடக்கி வைத்திருந்த வாயைத் திறந்தேன்.

"நீங்கதானே தம்பி மொத நாளே சொன்னீங்க, சந்தையில வாயால பேசி என்ன வேணா செஞ்சுக்கலாம்னு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். மில்லு வெச்சிருக்கறவன் நான், உங்கிட்ட வந்து நிக்கணுமா என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் அது சிரிப்பு இல்லை. அவள் கேட்ட கூலியும் அதிகமில்லை. கொடுத்திருந்தால் அவர்தான் ஜெயித்திருப்பார். ஆனால் அவளுக்கு ஒரு படி ஏற்றிவிட அவருக்கு மனசு வரவில்லை. மில்லை அப்படியே காலியாக வைத்துக்கொண்டார். சுற்றுக்குச் சுற்று துணியின் மணி உச்சியிலேயே நின்றது, மில்லில் ஈ ஓட்டக்கூட ஆள் இல்லை. மகன் எண்ணெய் விற்றான், தொழிற்சாலை வாங்கினான், விற்றான், வாங்கினான். பாடுவதைக்கூட மறந்துவிட்டான். கடைசித் தொழிற்சாலையையும் அவனே எடுத்தான்.

பார்த்தால் மகன் முதல். சகலை இரண்டாவது. மகள் வழக்கம்போல் கடைசி. மகன் நம்பாமல், நானா, நானா என்று எல்லார் முகத்தையும் பார்த்தான்.

"இவளாலதான். ஆட்டத்தையே கெடுத்துட்டா" என்றார் சகலை. "கடைசில வர்றது, அடம் மட்டும் மொதல்ல."

மகள் தன் ஆட்களைப் பலகையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகப் பெட்டியில் நிறுத்திவைத்தாள். நிறுத்தித்தான் வைத்தாள், போடவில்லை.

"கடைசிதான் சித்தப்பா. இல்லன்னு சொல்லல. ஆனா நாளைக்கு நான் கமர்ஸ்னுதான் எழுதுவேன்."

"எதுக்கு, தோக்கறதுக்கா?"

"கூலி பேசறதுக்கு."

அதோடு முடிந்திருக்கும். சமையலறையிலிருந்து கரண்டியோடு எட்டிப்பார்த்த அவர் மனைவி, அஞ்சாவது படிக்கிறவன்கிட்ட தோத்துட்டு வயசுப் பொண்ணுகிட்ட எகிறறாரு பாரு என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். சகலை எழுந்து செருப்பைப் போட்டார். மழை விடட்டும் என்று என் மனைவி கெஞ்சினாள். பிரியாணி தம்மில் இருந்தது. அதைப் பாதியில் திறந்து டப்பாவில் போட்டு, ஒரு குடையும் கொடுத்து அனுப்பினாள். அவர் என்னிடம் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. நானும் சந்து முனைவரை போய் வழியனுப்பவில்லை. பலகை கூடத்திலேயே விரித்தபடி கிடந்தது.

மறுநாள் அவர் வரவில்லை. போனும் இல்லை. நான் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு மகளைக் கூட்டிப்போனேன். எந்த வரிசை, எந்த ஜன்னல் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. அவளே கன்னடத்தில் கேட்டுக் கேட்டு என்னை இழுத்துக்கொண்டு போனாள். கமர்ஸ் என்று எழுதும்போது கை நிற்கவில்லை. வரிசையில் நிற்கும்போதுதான் கேட்டாள், நிஜ ஜாப் ஒர்க்கில் கூலியை யார் முடிவு செய்வார்கள் என்று. பெரிய கம்பெனிதான் என்றேன். நாம் ஒன்று சொல்வோம், அவன் பாதி சொல்வான், அவன் சொன்னதில்தான் நிற்கும்.

"அப்ப சித்தப்பா கொறச்சுக் கேட்டிருக்கலாமே? நான் எதிர்பாத்துட்டே இருந்தேன்ப்பா."

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

"குடுத்திருப்பேன். என் ஆளுங்களுக்கும் வேல வேணுமில்ல?"

எனக்கு அந்த மனுஷன் மேல் இருந்த கோபம் அப்போது இன்னும் அதிகமானது. இப்படி ஒரு மண்டையை எதிரில் வைத்துக்கொண்டு, மண்டை இல்லை என்றாரே.

அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் போனில்தான் பேசிக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு குக்கர்தான் விசில் அடிக்கிறது. பெட்டியைக் கொடுத்தனுப்பவா என்று என் மனைவி இரண்டு தடவை கேட்டாள். வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்றேன். மேல்தட்டில் ஏற்றியது நான்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மகன் ஸ்டூல் போட்டு ஏறி அதை இறக்கிவிட்டான். ஜெயித்தவன் இல்லையா, கை அரிக்கிறது. மகள் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவர்கள் அம்மாவுக்குத் தலைவலி. பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மூன்று பேர் இல்லாமல் ஆட முடியாது என்று சொன்னேன் இல்லையா? வீட்டுக்குள் இருக்கிறவர்களைச் சண்டை மூட்டிப் பிரித்து வைத்துவிட்டு, மறுபடி ஆட மூன்றாவது ஆளைக் கேட்கிற ஆட்டம் அது. நான் மாட்டேன் என்றேன். சித்தப்பாவைக் கூப்பிடட்டுமா என்று மகன் போனைக் கையில் எடுத்தான். மகள் என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூப்பிடு என்றும் சொல்லவில்லை. எழுந்து போய் மூடியில் இருந்த அந்தக் கோட்டு போட்ட ஆளைக் கவிழ்த்து வைத்தேன்.